எங்கள் ஊர் வில்லுப் பாட்டு

கலைகளுட் சில முன்னரே முற்றுப்பெற்று நம் வருகையை எதிர்நோக்கி நிற்பன. சில, நாம் சென்று எதிரே அமர்ந்த பின்னரே பிறப்பன. சிற்பமும் காவியமும் முன்னைய வகையைச் சாரும். எங்கள் தென்பாண்டிச் சீமையின் வில்லுப் பாட்டோ பின்னைய வகையைச் சார்ந்தது. வருகின்ற ஆடித் திங்களில், குலசேகரன்பட்டினத்தில் எம் தெருவை அடுத்த ஒரு சிறு கோயிலின் கொடைவிழாவில் அது நிகழவிருக்கின்றது. தேநீர்க்கடைச் சுவரில் அவ்வறிவிப்பைக் கண்ட நாள்தொட்டு என் உள்ளம் அதனையே சுற்றி வருகின்றது.

வில்லிசையைக் கண்டறியாத நண்பர்கள் பொருட்டு அதன் கருவிகளைச் சிறிது கூறுவேன். பனையின் வைரம் போன்ற உறுதியான மரத்தால் இயன்ற நீண்ட வில். அதிற் பூட்டிய தோல் நாண். வில்லில் வரிசையாகத் தொங்கும் மணிகள். வில்லின் முதுகு ஒரு மட்குடத்தின் கழுத்திற் பொருந்தியிருக்கும். குடமோ வைக்கோற் புரிமணைமீது வீற்றிருக்கும். தலைமைப் பாடகராகிய அண்ணாவி இரு வீசுகோல்களால் நாணை அடித்துப் பாடுவார். குடக்காரர் வலக்கை மட்டையால் குடத்தின் வாயை அறைந்தும், இடக்கையால் அதன் வயிற்றைத் தட்டியும் தாளம் எழுப்புவார். உடுக்கையும் ஜால்ராவும் கட்டையும் துணை செய்யும்.

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் யாங்கள் முத்துப்பட்டன் கதையைப் பயின்றோம். நா. வானமாமலை அவர்கள் பதிப்பித்தது அது. சக்கிலியர் குலத்துப் பெண்டிர் இருவரைக் காதலித்து மணந்த அந்தணன் ஒருவனின் கதை. பொதிகைச் சாரலிற் பிறந்தது. கதை நெஞ்சை உருக்கியது. எனினும், பாடிய அடியே மீண்டும் மீண்டும் வருவது யாது கருதி என்னும் ஐயம் எனக்கு நீங்கவில்லை. விடுமுறையில் எம் ஊர்க் குடக்காரப் பெரியவரை வினவினேன்.

"அண்ணாவி ஓரடி பாடுவார், தம்பி, நாங்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவோம். அந்த இடைவெளியில்தான் அடுத்த அடி அவர் நாவுக்கு வந்து சேரும். ஏட்டிலே கதை கிடக்கும், வார்த்தை அன்று இரவுதான் பிறக்கும்" என்றார் அவர்.

மேலும் அவர் விளக்கினார். அண்ணாவியின் ஒரு கண் கோமரத்தாடிமேல் இருக்குமாம். அருள் வந்து அவர் ஆடத் தொடங்கும் நேரத்தை முன்னறிவார் எவருமில்லை. ஆதலின் அந்நேரம் வரும்வரை கதையை நீட்டவும், வந்துவிட்டால் சுருக்கி உச்சத்திற் கொண்டு நிறுத்தவும் அண்ணாவி வல்லவராதல் வேண்டும். ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கியே இதனைச் செய்து முடிப்பர்.

இதனைக் கேட்டபொழுது கடல் கடந்த நாட்டு இசை ஒன்று என் நினைவில் எழுந்தது. வைப்ரபோன் என்னும் கருவி 1920களில் அமெரிக்காவில் தோன்றியது. உலோகப் பட்டைகளைக் கோல்களால் அடிக்க, அவற்றின் கீழுள்ள குழாய்களில் ஒலி பெருகும். குழாய்களின் வாயிற் சுழலும் தகடுகள் அவ்வொலியை அலைபோல் அசையச் செய்யும். ரெட் நார்வோ என்னும் கலைஞர் 1950ஆம் ஆண்டளவில் கிதார் ஒன்றும் பெரிய பாஸ் ஒன்றும் துணையாகக் கொண்டு மூவர் குழு அமைத்து ஜாஸ் இசைத்தார். ஒருவர் அவ்வப்பொழுது புதிது புனைய, ஏனையோர் அவரைத் தாங்கி நிற்பர். பின்னர் முறை மாறும். அவர்களுக்கு ஓர் இசைமெட்டு எத்தகையதோ, எம் அண்ணாவிக்கு ஏட்டுக் கதை அத்தகையது.

இக்கலைக்குப் புகழ் இல்லாமற் போகவில்லை. நெல்லைச் சீமையிற் பிறந்த சுப்பு ஆறுமுகம் அவர்கள் இதனைச் சென்னைக்குக் கொண்டு சென்று, காந்தியடிகள் வரலாற்றையும் வில்லிற் பாடினார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022 அக்டோபரில் மறைந்தார். எனினும் மேடைப் புகழ் வேறு, ஊர்க்கொடையின் வாழ்வு வேறு. எம் பெரியவரின் மைந்தர் வளைகுடா நாட்டிற்குப் பிழைக்கச் சென்றுவிட்டார். "இந்தக் கொடையோடு குடத்தை இறக்கி வைத்துவிடுவேன்" என்கிறார் பெரியவர். அடுத்த ஆண்டு மெல்லிசைக் குழுவினரை அழைக்கலாமென்று ஊரிற் பேச்சும் நடக்கின்றது. ஒருகால் அக்கோயில் முற்றத்தில் இதுவே கடைசி வில்லாகவும் அமையலாம்.

எம் வீட்டிலோ வேறொரு தடை எழுந்தது. "கொடைக்குப் போவது நமக்கு அடுக்குமா, ஐயா?" என்றார் ஆச்சி. கிறிஸ்தவரும் வேதக் கதைகளை வில்லிற் பாடியதுண்டென்று நினைவூட்டினேன். ஆச்சி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "படையலைத் தொடாதே; பாட்டைக் கேட்டுவிட்டு வா. சின்ன வயசில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கே அந்தச் சத்தம் கேட்கும்; கடைசிவரை கேட்க விட்டதில்லை" என்றார்.

நண்பர்காள்! அச்சிட்ட நூலை எந்நாளும் படிக்கலாம். அன்றிரவு பிறக்கும் அடிகளை அன்றிரவே கேட்டல் வேண்டும். கேட்பார் இல்லாத இடத்தில் அண்ணாவியின் நாவிற்கு அடுத்த அடி வருவதெங்ஙனம்? உங்கள் ஊரிலும் வில் கட்டுவாராயின் விடியும்வரை அமர்ந்திருங்கள். யான் குடத்தின் அருகே இடம்பிடித்து, பெரியவரின் கையையும் அண்ணாவியின் கண்ணையும் நோக்கியிருப்பேன். கேட்டதை மறுநாள் ஆச்சிக்குச் சொல்லும் கடமையும் எனக்கு உண்டு.