தொட்டபெட்டாவில் ஒரு ஹூடி

திருப்பூரில் எக்ஸ்போர்ட் மிச்சத்தில் வாங்கிய காட்டன் ஹூடி. முதுகில் ஏதோ வெளிநாட்டுக் காலேஜ் பெயர். 'ஊட்டிக்கு இது போதும்டா' என்று ஆபீஸ் நண்பனிடம் அலட்டிக்கொண்டேன்.

டிசம்பர் காலை. தொட்டபெட்டாவுக்கு ஜீப்பெல்லாம் வேண்டாம், நடந்தே போகலாம் என்றதும் நான்தான். 2,637 மீட்டர் உயரம் சார்! பாதி வழியிலேயே ஹூடி வியர்வையில் தொப்பல். உச்சியில் போய் நின்றோமோ இல்லையோ... அடித்தது பாருங்கள் ஒரு காற்று! ஈரத்துணி ஐஸ் ஒத்தடம் மாதிரி முதுகில் ஒட்டிக்கொண்டது. டீ கிளாஸைப் பிடித்த கை உதறி, பாதி டீ பேண்ட்டில். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நண்பன், சட்டென்று தன் ஜெர்கினைக் கழற்றிக் கொடுத்தான். அப்போதுதான் எனக்கே பயம் வந்தது.

இறங்கியதும் நேரே பொட்டானிக்கல் கார்டன் பக்கத்துத் திபெத்தியர் மார்க்கெட். கடைக்கார அம்மா தமிழில் வெளுத்து வாங்கினார்.

"இது சுத்தக் கம்பளியாம்மா?"

உள்பக்கத்திலிருந்து ஒரு நூலைப் பிய்த்துக் கொளுத்தினார். பிளாஸ்டிக் போல உருகிச் சுருண்டது. "இது அக்ரிலிக், விலை கம்மி. இதப் பாரு, கம்பளி." அடுத்த நூலில் முடி கருகும் நாற்றம். "லேசா நனைஞ்சாலும் கதகதப்பு போகாது. ஏறும்போது கழட்டிப் பையில வை, நின்னதும் போட்டுக்க தம்பி."

ஜிப் வைத்தது, உள்ளே டி-ஷர்ட் போட இடம் விட்டு வாங்கினேன். இப்போது ஆபீஸில் ஏ.சி.க்கு நேர் கீழே, என் நாற்காலி முதுகில் குடியிருக்கிறது.

ஹூடியா? காட்டன் நன்றாகத் தண்ணீர் உறிஞ்சுமே... நண்பன் பைக் துடைக்கிறான்.