சம்பா கோயிலுக்குள் இருந்த சுவர்

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் மஞ்சள் வீடுகளுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நாங்கள் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே நடந்தோம். கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம் என்று பிரெஞ்சுக்காரர் பிரித்த கதையை எல்லா வழிகாட்டிகளும் சொல்கிறார்கள். கறுப்பு நகரத்துக்குள் இருந்த பிரிவினையை யார் சொல்கிறார்கள்?

மிஷன் வீதியில் சம்பா கோயில் வாசலில் நின்று, ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் 1745 அக்டோபர் பக்கத்தைத் தோழர் ஒருவர் கைப்பேசியில் வாசித்தார். கோயிலுக்குள் ஒரு சுவர். ஒரு பக்கம் பறையர் கிறித்தவர்கள், மறுபக்கம் சாதிக் கிறித்தவர்கள். பூசை மட்டும் ஒன்று! சேரி மக்கள் திரண்டுபோய், நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, ஏன் பிரிக்கிறீர்கள் என்று பாதிரியாரிடம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது.

ஜோதிராவ் பூலே பிறக்க இன்னும் 82 ஆண்டுகள் இருந்தன. எழுதிவைத்தவரும் நம் ஆள் அல்ல. பின்னாளில் துய்ப்ளேயின் தலைமைத் துபாசியான பிள்ளை. சாட்சிக்குக் கனம் கூடுவது அதனால்தான்.

இப்போது நிற்பது அந்தக் கட்டடம் இல்லை. 1761இல் ஆங்கிலேயர் நகரை இடித்தபோது பழையது போனது. இது 1791இல் எழுந்தது. சுவரைப் பற்றி ஒரு பலகைகூட எங்கள் கண்ணில் படவில்லை.

எங்களோடு வந்த மாணவி உத்தப்புரத்தை நினைவுபடுத்தினார். மதுரை மாவட்டத்தில் அந்தச் சாதிச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது 2008 மே மாதத்தில். இடையில் 263 ஆண்டுகள்.

நாட்குறிப்பு அச்சில் இருக்கிறது. தேடிப் படித்துவிட்டு வாருங்கள், அடுத்த நடையில் பேசுவோம்.