மூல ஓலை

மே 11, 2021
நேற்றுமுதல் முழு ஊரடங்கு. எங்கள் ஊர்ப் பக்தஜனேசுவரர் சந்நிதிக்கும் போவதற்கில்லை.

மே 14
எதிர்வீட்டுக்காரரின் தம்பி வெளியூர்த் தனியார் மருத்துவமனையொன்றில் பிராணவாயுவின் துணையோடு கிடக்க, ரெம்டெசிவிர் வாங்கி வரும்படி அங்கே ஒரு சீட்டை எழுதிக் கையில் கொடுத்துவிட, சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஆறு குப்பிகளை ஏறக்குறைய 9,400 ரூபாய்க்கு அரசு விற்கிறதென்றும் அதற்கு ஜனங்கள் இராப்பகலாய் வரிசையில் நிற்கிறார்களென்றும் கேள்விப்பட்ட அவர், வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த ஓர் எண்ணை அழைத்து, கேட்ட முன்பணத்தைக் கூகுள் பேயில் அனுப்பிவிட்டார். பிறகு அந்த எண்ணில் யாரும் எடுக்கவேயில்லை. குஜராத்தின் மோர்பியில் குளுக்கோஸையும் உப்பையும் குப்பியிலடைத்து ரெம்டெசிவிரென்று விற்றவர்கள் பிடிபட்ட சமாசாரத்தைப் படித்திருந்ததால், வராமற்போனதே க்ஷேமம் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். உலக சுகாதார நிறுவனம் இம்மருந்தைச் சிபாரிசு செய்வதற்கில்லையென்று 2020 நவம்பரிலேயே சொல்லியிருக்கிறது. தம்பி மூச்சுக்குத் தவிக்கையில் அது யார் காதில் ஏறும்?

மே 15
தம்பியைப் பற்றித் தகவல் இல்லை.

மே 18
இன்றுமுதல் மருந்தை மருத்துவமனைகளுக்கே அரசு நேராக அனுப்புகிறதாம். கலங்கி நிற்கும் குடும்பத்தை மருந்துக்கு அலையவிட்ட அந்தச் சீட்டுதான் திருடனுக்கு வாசலாயிற்று. எதிர்வீட்டுக்காரரைப் பேதையென்று தெருவில் பேசுகிறவர்களுக்கு இது விளங்குவதில்லை.

மே 20
தொலைபேசியில் ஒரு பிள்ளை, வெகு மரியாதையாக, "ஐயா, கொரோனா நிவாரணம் ரெண்டாயிரம் உங்க கணக்குல ஏறணும், ஓடிபி சொல்லுங்க" என்றான். நான் பதில் சொல்லுமுன் அடுக்களையிலிருந்து என் மனைவி, "என்னங்க, டோக்கன வீட்டுக்கே வந்து குடுத்தாங்க, ரெண்டாயிரத்த ரேஷன் கடையில கையில வாங்கியாச்சு. இவரு எந்தப் பணத்தப் போடறாரு?" என்றாள். அவன் வைத்துவிட்டான். அந்தக் குரலின் பணிவை நினைக்கத்தான் பயமாயிருக்கிறது; வேலையற்ற பையனோ என்னவோ.

மே 23
நாளைமுதல் ஊரடங்கு இன்னும் இறுகும். பொழுது போகாமல் பெரியபுராணத்தை எடுத்தேன். நம் ஊர்ப் பிள்ளையான சுந்தரரின் மணப்பந்தலில், அவர் தமக்கு அடிமையென்று அவருடைய பாட்டனார் எழுதிக்கொடுத்த ஓலையோடு வந்து நின்ற கிழவரின் தோற்றத்துக்கோ வாதத்துக்கோ இணங்கிவிடாமல், திருவெண்ணெய்நல்லூர் அவையோர் மூல ஓலையை வாங்கி, காப்பிலிருந்த பாட்டனாரின் வேறோர் எழுத்தைத் தருவித்து, இரண்டையும் ஒப்பிட்ட பின்னரே தீர்ப்புச் சொன்னார்கள். வந்தவர் சாக்ஷாத் சிவபெருமான். அவருக்கே அந்தப் பரீக்ஷை! வழக்காளி கொண்டுவராத பிரமாணம் ஒன்று நம் கைவசம் இருக்கவேண்டும். அடுக்களையில் அது இருந்தது.

ஜூன் 2
மழை. கணக்கு எழுதினேன்.

ஜூன் 18
தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார், மிகவும் மெலிந்து. போலீசில் எழுதிக் கொடுங்களென்றால், மானக்கேடு என்கிறார் அண்ணன். இணையவழிப் பண மோசடிக்கு 155260 என்ற எண்ணை மத்திய உள்துறை நேற்று அறிவித்திருக்கிறது. இப்போதைக்கு அது இயங்குவது மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் சேர்ந்து ஏழில்தானாம். தமிழ்நாடு அவற்றுள் இல்லை.