எபாக்ஸி ப்ரைமரும் ஒரு பழைய அம்பாசிடரும்

கார் பெயிண்ட் என்றவுடன் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது மேலே தெரிகிற கலர்தான். ஆனால் பழைய வண்டியைப் புதுப்பிக்கும் ஆட்களிடம் பேசிப் பாருங்கள். கலரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவார்கள். அதற்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் ப்ரைமரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள்!

காரணம் எளிது. இரும்புத் தகரத்துக்கு எதிரி காற்றும் ஈரமும். சாதாரண கலர் பெயிண்ட் இந்த இரண்டையும் முழுதாகத் தடுக்காது. அதனால் தகரத்தை ஒட்டி இருக்கும் முதல் பூச்சு நன்றாக இருந்தால்தான் மேலே அடிக்கும் எதுவும் நிற்கும். முன்பெல்லாம் நம் ஊர்ப் பட்டறைகளில் இந்த வேலைக்குச் செங்காவி நிற ரெட் ஆக்சைடுதான். இப்போது பழைய வண்டி எடுத்துச் செய்பவர்கள் பெரும்பாலும் எபாக்ஸி ப்ரைமரைத் தேடிப் போகிறார்கள்.

எபாக்ஸி என்பது என்ன? நம் வீட்டில் உடைந்த சாமான் ஒட்ட இரண்டு ட்யூப் கலந்து தடவுவோமே, அரால்டைட், அதே குடும்பம்தான். சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்டான் 1930களில் செயற்கைப் பல்செட்டுக்கு ஏற்ற பொருளைத் தேடிக்கொண்டிருந்தபோது இந்தப் பிசினைக் கண்டார். அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ 1940களில் பெயிண்டுக்காக இதே வழியில் வேலை செய்தார். பல்லுக்குத் தேடியது இன்று காருக்கு உதவுகிறது :-)

சாதாரண பெயிண்ட் பலவற்றில் தின்னர் ஆவியாகிப் போவதுதான் காய்வது. எபாக்ஸியில் அப்படி இல்லை. பிசினும் ஹார்டனரும் ஒன்றோடொன்று வேதிவினை புரிந்து, வலை போலப் பின்னிக்கொண்டு இறுகிவிடும். இறுகியபின் மறுபடி தின்னர் ஊற்றினாலும் சுலபத்தில் கரையாது. அதன் பலமும் இதுதான், முதல்முறை அடிப்பவனின் பயமும் இதுதான்.

கோவையில் ஒரு கல்லூரி மாணவனுக்கு அந்தப் பயம் வந்தது. அவன் தாத்தா வைத்திருந்த 1972ஆம் வருடத்து மார்க் 2 அம்பாசிடர் பல வருடமாகக் கொட்டகையில் கிடந்தது. 1958ல் உத்தர்பாராவில் தொடங்கிய அம்பாசிடர் உற்பத்தி 2014ல் நின்றுபோனது. இனி புதிதாக வாங்க முடியாது, இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு. அதுவும் தாத்தா ஓட்டிய வண்டி. வேறொருவர் கையில் கொடுக்காமல் ப்ரைமராவது தானே அடிப்பது என்று முடிவு செய்தான். பக்கத்துத் தெருப் பட்டறையில் வயதான பெயிண்டர் ஒருவர் சொல்லிக்கொடுக்கச் சம்மதித்தார்.

பழைய பெயிண்டையும் பட்டியையும் சுரண்டவே இரண்டு மாதம் ஆனது. காலேஜ் விட்டு வந்து மாலையில் செய்கிற வேலை. கடைசியாக வண்டி முழுக்க வெள்ளித் தகரமாகப் பளபளத்தது. வாடகைக்கு கம்ப்ரசர் பேசியாயிற்று. ப்ரைமர் டப்பாவும் வாங்கியாயிற்று. மறுநாள் காலை அடிப்பதாகத் திட்டம்.

முந்தின நாள் சாயங்காலம் பெயிண்டர் வந்தார். பேசாமல் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகரத்தில் ஒவ்வொரு இடமாகக் குத்திக்கொண்டே வந்தார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் 'பொசுக்'கென்று உள்ளே போய்விட்டது.

"இதுக்கு மேல ப்ரைமர் அடிச்சா தெரியுமுங்களாண்ணா?" என்று கேட்டான் பையன்.

"தெரியாது தம்பி. ஆரு பாத்தாலும் புது வண்டின்னுதான் சொல்லுவாங்க. ரெண்டு மழை போகட்டும், அதுவே சொல்லிப்போடும்."

"அப்ப என்னங்ணா பண்றது?"

"வெட்டித்தான் ஆகோணும்."

இந்த இடத்தில் அம்பாசிடரைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். லாரி போல இதற்குத் தனி சேஸிஸ் கிடையாது. உடம்பே சேஸிஸ். கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டித் தகரம் வண்டியைத் தாங்கும் எலும்புகளில் ஒன்று. அது உளுத்துப்போனால் அழகு மட்டும் கெடுவதில்லை, ஒரு விபத்து என்றால் உள்ளே இருப்பவர்களைக் காக்க வேண்டிய பலமும் போய்விடும்.

எபாக்ஸி ப்ரைமர் துருவைக் குணப்படுத்தாது. அடியில் இருப்பதை அப்படியே பூட்டி வைக்கும், அவ்வளவுதான். சுத்தமான தகரத்தின்மேல் அடித்தால் சுத்தத்தைப் பூட்டும். துருவின்மேல் அடித்தால், துரு உள்ளே ஊர்ந்துகொண்டே இருக்கும், மேலே கொப்புளம் வரும்வரை யாருக்கும் தெரியாது.

கம்ப்ரசர் வாடகையை ரத்து செய்தார்கள். உளுத்த பகுதியை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்து, அரைத்துச் சமன் செய்ய மூன்று வாரம் ஆயிற்று. அந்த மாதம் பையனின் பாக்கெட் மணி முழுக்க அதற்கே போனது. வீட்டில் "நல்லாத்தானே இருந்துச்சு, எதுக்கு வெட்டினே?" என்று கேட்காதவர் இல்லை.

பிறகுதான் அந்தக் காலை வந்தது. அடிப்பதற்கு முன்னால் செய்தவைதான் அதிகம். துருநீக்கி அமிலம் பட்ட இடங்களை ஏற்கெனவே நன்றாகக் கழுவித் தேய்த்திருந்தார்கள், ஏனென்றால் மிச்சமிருக்கும் அமிலம் எபாக்ஸி இறுகுவதையும் ஒட்டுவதையும் கெடுக்கும். 80ஆம் நம்பர் உப்புத்தாளால் தகரம் முழுக்கக் கீறல் போட்டார்கள், ப்ரைமர் பிடித்துக்கொள்ள. பிறகு இரண்டு துணி: ஒன்றால் கிரீஸ் நீக்கும் திரவத்தைத் தடவ வேண்டும், அது ஆவியாகும் முன் இன்னொன்றால் துடைக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. அதன்பின் வெறும் கையால் தொடக்கூடாது. கை எண்ணெயும் பழைய பாலிஷில் இருக்கும் சிலிக்கோனும் பட்ட இடத்தில் பூச்சு விலகி, மீன் கண் போலக் குழி விழும்.

அதிகாலையில் தொடங்கலாமா என்று கேட்டதற்கு, "வெயில் ஏறட்டும்" என்றார் பெயிண்டர். இதற்குப் பின்னால் பாடப்புத்தக இயற்பியல் இருக்கிறது. காற்று 30 டிகிரியில் இருந்து ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், ஏறத்தாழ 24 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். இரவெல்லாம் குளிர்ந்த தகரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருக்கலாம். தகரம் அந்தப் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் வேலையில் பொதுவான கணக்கு. கம்ப்ரசர் காற்றிலும் ஈரம் வரும், அதற்குத் தனியாக நீர் பிடிக்கும் வடிகட்டி.

அவன் வாங்கிய ப்ரைமரின் கலவை 4:1. இது டப்பாவுக்கு டப்பா மாறும். கண் மதிப்பில் ஊற்றுவது கூடாது, அளவுக் குவளையில்தான். ஹார்டனர் கலந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று வேதியியலில் படித்திருப்போம். குளிர் நாட்டை மனதில் வைத்து எழுதிய நேரம் நம் ஊர் வெயிலில் செல்லாது.

ஒரு பழைய தகர ஷீட்டில் பழகிப் பார்த்துவிட்டு, வண்டிக்கு வந்தான். கன் தகரத்திலிருந்து 15 முதல் 20 செ.மீ. தூரம். மணிக்கட்டை வளைக்காமல் கை முழுக்க நேராக நகர வேண்டும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூட வேண்டும். மெதுவாகப் போனால் வழியும். வேகமாகப் போனாலோ தூரத்தில் பிடித்தாலோ பொடி பொடியாக உதிரும். முதல் கதவில் ஒரு இடத்தில் கை தயங்கியது, கண்ணீர் போல ஒரு கோடு வழிந்தது. "விடு தம்பி, காஞ்சதும் தேச்சுக்கலாம்" என்றார் பெயிண்டர். ப்ரைமரில் இந்த மன்னிப்பு உண்டு. நான்காவது பேனலில் கைக்குத் தாளம் பிடிபட்டுவிட்டது.

இரண்டு கோட். காய்ந்தபின் மொத்தக் கனம் ஏறத்தாழ ஒரு தலைமுடி அளவுதான் இருக்கும். அதற்குத்தான் இத்தனை மாத வேலை. சாயங்காலம் வண்டி முழுக்க ஒரே சாம்பல் நிறம். வெட்டி ஒட்டிய இடம் எது என்று பையனுக்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் இதோடு விட்டுவிட முடியாது. எபாக்ஸி வெயிலைத் தாங்காது, நாளடைவில் சுண்ணாம்பு போல உதிரும். டப்பாவில் சொன்ன காலத்துக்குள் அடுத்த பூச்சு வர வேண்டும், தாண்டினால் மறுபடி தேய்த்துத்தான் அடிக்க வேண்டும்.

இந்தக் கதையில் இன்னொரு விஷயம் உண்டு. பையன் கரி கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க், கண்ணாடி, நைட்ரைல் கையுறை எல்லாம் போட்டிருந்தான். எபாக்ஸி ஹார்டனர் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமையாகிவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலே அரிக்கும். பல கார்களுக்கு மேலே அடிக்கும் இரண்டு டப்பா கலர்களின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஸ்ப்ரே பெயிண்டர்களுக்கு ஆஸ்துமா வரவைப்பதில் பேர்போனது. ஆனால் பெயிண்டர் தன் காலம் முழுக்க மூக்கில் கர்ச்சீப் கட்டியே அடித்தவர். கர்ச்சீப் தூசியையே சரியாகத் தடுக்காது, ஆவியை எங்கே தடுக்கும்? பையன் இரண்டாவது மாஸ்க் ஒன்றையும் வாங்கி வைத்திருந்தான். "எனக்கெதுக்குப்பா" என்று சொல்லிக்கொண்டே போட்டுக்கொண்டவர், சாயங்காலம் அதைத் திருப்பித் தரவில்லை. கார்ட்ரிட்ஜ் எத்தனை நாளைக்கு வரும், எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அடுத்த முறை ரோட்டோரப் பட்டறையில் பளபளவென்று நிற்கும் பழைய வண்டி ஒன்றைப் பார்த்தால் கலரை மட்டும் பார்க்காதீர்கள். அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அடித்தவர் எதைப் போட்டுக்கொண்டு அடித்தார் என்றும் கேளுங்கள்.