நீர்வடி விளிம்பு

ஹட்டன் பக்கத்து மலைகளில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால், லயத்துக் காம்பிராக்களில் பாத்திரங்களுக்கு வேலை வந்துவிடும். எங்கள் காம்பிராவில் கூரைத் தகரம் ஒழுகுமிடங்கள் ஐந்து. எந்த ஒழுக்கிற்கு எந்தப் பாத்திரம் என்பது அம்மாவுக்கு மனப்பாடம். குவளையில் விழும் துளியின் ஓசை வேறு, ஈயச் சட்டியில் விழும் துளியின் ஓசை வேறு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஏழு பேர் அவ்வோசைகளுக்கிடையே உறங்கினோம். குகைக்கோயில்களைப் பற்றி எழுத வந்தவன் ஒழுகும் கூரையைப் பற்றி ஏன் பேசுகிறான் என்று வாசகர் ஐயுறலாம். எனக்கு அவ்விரண்டும் ஒரே நாளில் ஒன்றாகிவிட்டன.

ஆசிரியனான பின் ஒருமுறை பத்தாம் வகுப்பு மாணவரைத் தம்புள்ளைக்கு அழைத்துச் சென்றேன். ஐந்து குகைகள். கி.மு. முதல் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் என்னும் வலகம்பா மன்னன் பகைவருக்கு அஞ்சி அங்கே ஒளிந்திருந்தான் என்றும், மீண்டும் முடி பெற்றபின் நன்றிக்கடனாக அதனைக் கோயிலாக்கினான் என்றும் வழக்கு. முதற் குகையில் பாறையிலேயே செதுக்கிய புத்தர், ஏறத்தாழ 14 மீற்றர் நீளத்தில் பள்ளிகொண்டிருக்கிறார். கூரையெங்கும் ஓவியம். அவற்றிற் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில் தீட்டப்பெற்றது. அவ்வரசன் மதுரை நாயக்கர் வழியினன் என்பதை நான் அழுத்திச் சொன்னேன். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இச்செய்தி தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று. பிள்ளைகள் அதனைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

அவர்கள் பொருட்படுத்தியது வேறொன்றை. இரண்டாம் குகையில் கூரைப் பாறையிலிருந்து நீர் சொட்டுகிறது. கீழே ஒரு கலம் வைத்து அதனை ஏந்துகிறார்கள், அந்நீர் புனிதமானது. கொழுந்தெடுக்கும் தாயின் மகள் ஒருத்தி அதனைக் கண்டு சிரித்துவிட்டாள்.

"சேர், நம்ம வீட்டுலயும் இது இருக்கு!"

எல்லோரும் சிரித்தோம். வெளியே வந்ததும் குகைகளின் நெற்றியில் வெட்டப்பட்டிருக்கும் நீண்ட காடியைக் காட்டினேன். சிங்களத்தில் அதனைக் கட்டாரம் என்பர். நம் அறிஞர் நீர்வடி விளிம்பு என்பர். பாறையின் மேல் ஓடிவரும் மழைநீர் அப்படியே கல்லைப் பற்றிக்கொண்டு உட்புறமாக வழிந்துவிடும் இயல்புடையது. நெற்றியில் ஒரு விளிம்பை வெட்டிவிட்டால், நீர் அதற்கு மேல் கல்லைப் பற்ற இயலாது. அறுந்து கீழே விழும். துறவி உறங்குமிடம் நனையாது. இவ்வளவுதான் வேலை. ஆனால் அது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அறிவு.

அப்பெண் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "சாமியாருங்க நனையக்கூடாதுன்னு கல்லையே வெட்டியிருக்காங்க. நம்ம லயத்துக்கு மட்டும் ஏன் சேர் யாரும் ஒண்ணும் பண்ணல?"

என்னிடம் விடை இருந்தது. நிலத்துக்கு உடையவன் யார், லயம் எதற்காகக் கட்டப்பட்டது, எத்தனை நாளுக்கென்று கட்டப்பட்டது என்று ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். பேருந்துச் சாரதி ஒலி எழுப்பிக் கொண்டிருந்தார்.

பின்னர் தமிழகம் சென்றபோது மதுரைக்கு அருகே மாங்குளத்துக் குன்றில் அதே விளிம்பைக் கண்டேன். அங்கே உறைந்தவர் சமணர். நெடுஞ்செழியன் பெயர் பொறித்த தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் அப்பாறையில் உள்ளன. பௌத்தனுக்கு ஓர் உளி, சமணனுக்கு வேறோர் உளி என்று இருந்ததில்லை போலும். எல்லோராவில் 34 குகைகளை மும்மதத்தாரும் பகிர்ந்துகொண்டனர். அங்குள்ள கைலாசநாதர் கோயிலை மலையுச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்தனர். எத்தனை இலட்சம் தொன் கல் அகற்றப்பட்டது என்று வழிகாட்டிகள் ஆளுக்கொரு கணக்குச் சொல்லுவர். அக்கல்லைச் சுமந்தவன் என்ன உண்டான் என்று சொன்னவரை நான் கண்டதில்லை. மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையுமின்றிக் கோயில் எடுத்ததாகப் பெருமையோடு எழுதிவைத்தான். இல்லாத பொருள்களின் பட்டியல் இருக்கிறது. இருந்த மனிதரின் பட்டியல் இல்லை. இலங்கைக் குகைகளிலும் தானம் செய்தவன் பெயரே நெற்றியில் நிற்கிறது.

என் சின்னையா தோட்டத்தில் கான் வெட்டியவர்; பாதைக்குக் கல்லுடைத்தவர். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி 'திருப்பி' அனுப்பப்பட்டார். பிறந்திராத ஊருக்கு எவ்வாறு திரும்புவது என்பதை உடன்படிக்கை எழுதியவர்கள் எண்ணவில்லை. அவருடைய கடவுச்சீட்டில் எழுத்தர் ஒருவர் தகப்பன் பெயரைத் தவறாக எழுதிவிட்டார். அந்தப் பிழையைச் சுமந்தே தலைமன்னாரில் கப்பலேறினார். அதே பிழை பின்னர் குடும்ப அட்டையிலும் ஏறிற்று. செங்கற்பட்டில் மகள் வீட்டிலிருந்த அவரை ஒரு நாள் மாமல்லபுரம் அழைத்துச் சென்றேன். ஐந்து இரதங்களையும் அவர் கோயிலாகப் பார்க்கவில்லை, வேலையாகப் பார்த்தார். முற்றுப்பெறாத குகையொன்றில் பாறையைச் சதுரஞ் சதுரமாகப் பிரித்துச் சுற்றிலும் பள்ளம் வெட்டி, நடுக்கல்லைத் தட்டியெடுத்த அடையாளம் தெரிந்தது. "நாங்களும் இப்படித்தான் தம்பி. கல்லோட சண்ட போடப்படாது. அது எங்க ஒடையும்னு பாக்கணும்" என்றார்.

மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஒரு பாறை உண்டு. சுற்றுலாப் பயணியர் அங்கே போவதில்லை. பழைய எழுத்தில் சில பெயர்கள் மட்டும் அதில் வெட்டப்பட்டுள்ளன: கேவாத பெருந்தச்சன், குணமல்லன், சாதமுக்கியன், கலியாணி, கொல்லன் சேமகன்... இவை அங்கு வேலை செய்த சிற்பிகளின் பெயர்கள் என்று அறிஞர் கருதுவர். அரசன் பெயர் இல்லை. தெய்வத்தின் பெயரும் இல்லை. கல்லுடைப்பவனுக்கு உளி தீட்டித் தரும் கொல்லனுக்குக்கூட ஓரிடம் கிடைத்திருக்கிறது.

நான் படிக்கப் படிக்கச் சின்னையா அவ்வெழுத்துக்களின் மேல் விரலை ஓட்டினார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தப்பில்லாம வெட்டியிருக்கானுகளா?" என்று கேட்டார்.

ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறது. 1885இல் நானுஓயாவை எட்டிய இருப்புப்பாதைக்காக மலையை ஐந்நூறு மீற்றருக்கு மேல் துளைத்திருக்கிறார்கள். புகைவண்டி அதனுள் நுழையும்போது பிள்ளைகள் கூச்சலிடுவார்கள். நானும் சிறுவயதில் கூவியிருக்கிறேன். இப்போது அவ்விருளில் பூஞ்சேரிப் பாறைதான் நினைவுக்கு வருகிறது.

ஊர் மீண்டதும் அப்பெயர்களைக் கரும்பலகையில் எழுதினேன். தம்புள்ளையில் கேள்வி கேட்ட பெண் பள்ளியை விட்டுப் போயிருந்தாள். ஆனி மழையில் ஒரு நாள் கடைத்தெருவில் எதிர்ப்பட்டாள். பேச்சுக்கிடையே, "அப்பா லயத்துக்குப் பின்னால பெருசா ஒரு கான் வெட்டிட்டாரு சேர், மலைத்தண்ணி இப்ப உள்ள வாறதில்ல" என்றாள்.

"கூரை?" என்று கேட்டேன்.

"அதுக்குச் சட்டி வச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டுக் கொழுந்துக் கூடையோடு நடந்தாள்.