பலா நிழலில் ஒரு தோட்டம்

கண்டிக்கு முதன்முதல் செல்லும் யாழ்ப்பாணத்தவரை வியக்கவைப்பவை அங்குள்ள வீட்டு வளவுகள். நம் ஊர்த் தோட்டம் வெட்டவெளி. செம்மண் பாத்திகளின்மேல் காலைமுதல் மாலைவரை வெயில் எறிக்கும். கண்டி வளவோ ஒரு சிறு காடு. உயரே தென்னையும் கமுகும், அவற்றின் கீழ்ப் பலாவும் ஈரப்பலாவும், மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக்கொடியும், அதற்கும் கீழே கோப்பிச் செடியுமாக அடுக்கடுக்காய் நிழல் விழும்.

1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின், கண்டியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டிற்கு என் தாயார் வந்து சேர்ந்தார். அவர் கொணர்ந்த சிறு மூட்டையுள், சீலைத்துண்டில் முடிந்த கத்தரி விதையும் மிளகாய் விதையும் இருந்தன. வந்த சில நாள்களிலேயே மேடை போட்டு, பின்னர் பலாமரத்தின் கீழ் நாற்றுகளை நட்டார். செடிகள் ஒளியைத் தேடி மெலிந்து உயர்ந்தன. பூத்த சில பூக்களும் உதிர்ந்தன. ஒரு காயேனும் பிடிக்கவில்லை.

"இந்த மண்ணுக்கும் எங்களை வேண்டாம் போலை கிடக்குது, தம்பி" என்றார் அம்மா. எனக்கு மறுமொழி வரவில்லை.

அயல்வீட்டுச் சிங்கள மூதாட்டி ஒருநாள் வந்து, ஒரு பிடி கொடியை அம்மாவிடம் நீட்டினார். "கொட்டுகொல" என்றார் அவர். "வல்லாரை" என்றார் அம்மா. ஒருவர் மொழியை மற்றவர் அறியார்; கீரையை இருவரும் அறிந்திருந்தனர். பின்பு அம்மூதாட்டி கத்தரிச் செடியையும் மேலே கவிந்த பலாவையும் சுட்டிக்காட்டித் தலையை அசைத்தார். குற்றம் மண்ணில் இல்லை என்பது அன்றுதான் விளங்கிற்று.

காய்க்கும் பயிர்களுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேர வெயிலாவது வேண்டும். இலைக்கறிகளுக்கு 3, 4 மணி நேரமே போதும். வல்லாரையும் பசளியும் பொன்னாங்காணியும் அரை நிழலில் தளதளவென்று வளரும். இஞ்சி, மஞ்சள், சேம்பு ஆகியனவும் நிழலைப் பொறுப்பன. பலாச் சருகு ஈரத்தைக் காத்து, உக்கி எருவாகும். எனினும் மரத்தின் வேர் நீரிலும் உரத்திலும் பங்கு கேட்குமாதலின், பாத்தியை அடிமரத்திலிருந்து தள்ளி அமைத்தல் நன்று. மழை நாளில் நத்தைகளையும் பொறுக்க வேண்டும்.

அம்மா ஒரு முழுநாள் வளவைச் சுற்றி, நிழல் நகர நகரக் குச்சி நட்டார். கிழக்கு வேலியோரம் மட்டும் காலைமுதல் நண்பகல்வரை வெயில் நின்றது. எஞ்சிய விதை அங்கே முளைத்தது; பலாவடியில் வல்லாரை படர்ந்தது.

முதற் கத்தரிக்காய்களை அம்மா எங்கள் அடுக்களைக்குக் கொண்டுவரவில்லை. வேலிக்கு அப்பால் நீட்டினார்.

நிழல் வளவு வாய்த்த அன்பர்களே, விதைக்குமுன் ஒருநாள் குச்சி நட்டுப் பாருங்கள்.