எங்கே என்கிற கேள்வி

2013-ஆம் வருஷம் ஜூன் 24-ஆம் தேதி மாஸ்கோவிலிருந்து ஹவானாவுக்குப் புறப்பட்ட விமானத்தில் 17ஏ என்ற இருக்கை காலியாகப் போயிற்று. எட்வர்ட் ஸ்நோடன் அதில் வருவார் என்று நம்பி டிக்கெட் வாங்கி ஏறிய பத்திரிகையாளர்கள், வேறு வழியின்றி, அந்தக் காலி இருக்கையைப் படமெடுத்தார்கள். வரிச்சிக்குடி டீக்கடை பெஞ்சிலும் அந்த வாரம் இதுவே பேச்சு. ‘கியூபாவுலதான் இருப்பான்’ என்றார் ஒருவர். ‘ரஷ்யாக்காரன் லேசுல விடமாட்டான்’ என்றார் இன்னொருவர். அவர் என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அமெரிக்க உளவு ஸ்தாபனம் சொந்த ஜனங்களின் தொலைபேசிக் கணக்குகளைக்கூட மொத்தமாக அள்ளிச் சேர்க்கிறது என்ற செய்தி ஜூன் 5-ஆம் தேதி வெளிவந்தது. 9-ஆம் தேதி, தகவலைக் கொடுத்தவன் நான்தான் என்று ஸ்நோடன் ஹாங்காங்கிலிருந்து முகம் காட்டினார். அந்த நாலு நாட்கள்தான் விஷயம் விஷயமாக இருந்தது. பிறகு அது ஒரு ஆளைத் தேடும் கதை ஆகிவிட்டது. ‘எங்கே’ என்ற கேள்வி ‘என்ன’ என்ற கேள்வியைத் தின்றுவிடுகிறது. அதிகாரத்துக்கு இது சௌகரியம். ஆனால் டீக்கடைக்கும் இது சௌகரியமாக இருந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

எங்கள் ஊர் எல்லைகளால் ஆனது. 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைத் தஞ்சாவூர் ராஜாவிடமிருந்து பெற்றார்கள். வடக்கே சைக்கிளில் போய்வரும் தூரத்தில் தரங்கம்பாடி, 1845 வரை டேனிஷ்காரர்களுடையது. மற்ற பக்கமெல்லாம் இங்கிலீஷ்காரன். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் கைமாறிற்று. சட்டப்படி மண் மாறியது 1962 ஆகஸ்ட் 16-இல். ஒரு வரப்பைத் தாண்டினால் ஒரு சட்டம் செத்து இன்னொரு சட்டம் பிறக்கும் என்பது எங்கள் ஜனங்களுக்குத் தத்துவமல்ல, பிழைப்பு.

என் அப்பாயி ஒரு கதை சொல்வாள். யாரோ ஒரு ஆள் இரண்டு ராத்திரி மாட்டுக் கொட்டகைப் பரணில் படுத்திருந்தானாம். யார், எதற்காக என்று அவள் கேட்கவில்லை. சோறு மட்டும் வைத்தாள். தேடிவந்தவர்கள் ‘எங்கே’ என்று கேட்டதற்கு, ‘அவுத்து உட்ட எருமையே எங்க போச்சுன்னு தெரியல, ஆளத் தேடுறீங்களே’ என்றாளாம். அவளிடம் கொள்கை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அரசியலில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் உப்பு விலை ஒன்றுதான்.

புதுச்சேரியில் பாரதி இருந்தது நமக்கெல்லாம் பாடப்புத்தக விஷயம். ‘இந்தியா’ பத்திரிகையின் பதிவு பெற்ற ஆசிரியர் கைதான 1908-இல் பாரதி எல்லை தாண்டினார். முதலில் தங்க இடம் கொடுத்தவர் போலீஸ் மிரட்டலில் பயந்துபோக, குவளைக் கண்ணன் போன்றவர்கள் துணை நின்றார்கள். அங்கே ‘எங்கே’ என்ற கேள்விக்கே இடமில்லை. வீடு தெரியும், தெரு தெரியும். பிரிட்டிஷ் உளவாளிகள் வாசலிலேயே நின்றார்கள். ஒளிவது வேறு, அடைக்கலம் வேறு. எங்கே இருக்கிறான் என்று எல்லோருக்கும் தெரிந்தும் கைவைக்க முடியாமல் இருப்பதுதான் அடைக்கலம்.

ஆனால் இதைப் பிரெஞ்சு தேசத்தின் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். 1910 ஜூலை 8-ஆம் தேதி மார்ஸேல் துறைமுகத்தில் கப்பலிலிருந்து குதித்து நீந்திப் பிரெஞ்சு மண்ணில் கால்வைத்த சாவர்க்கரைப் பிடித்து, திரும்பக் கப்பலில் ஏற்ற உதவியது ஒரு பிரெஞ்சுக் காவலர்தான். வழக்கு ஹேக் நகரத்துத் தீர்ப்பாயத்துக்குப் போயிற்று. ஒப்படைத்த விதத்தில் முறைகேடு உண்டு, ஆனாலும் திருப்பித் தரவேண்டிய கட்டாயம் பிரிட்டனுக்கு இல்லை என்று 1911 பிப்ரவரியில் தீர்ப்பு. அதே வருஷம் ஜூனில் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பிறகு புதுச்சேரியிலும் நெருக்கடி. வெளியிலிருந்து வந்தவர்கள் உள்ளூர்ப் பிரமுகர்கள் ஐந்து பேரிடம் நன்னடத்தைக்குக் கையெழுத்து வாங்கவேண்டும் என்றார்கள். சங்கரச் செட்டியார் அலைந்து கையெழுத்து வாங்கித் தந்தார். பாரதிக்கு விழா எடுக்கிறோம். அந்த ஐந்து பேருக்கு யாரும் எடுப்பதில்லை. சரித்திரம் அந்தக் கையெழுத்துகளின்மேல் நின்றது என்று எனக்குத் தோன்றுகிறது.

அடைக்கலமும் நாளடைவில் சிறைதான். பத்து வருஷம் கழித்து 1918 நவம்பரில் பாரதி எல்லையைத் தாண்டியதும் கடலூரில் பிடித்தார்கள்.

ஸ்நோடனுக்கு வருகிறேன். அவருடைய பாஸ்போர்ட்டை அமெரிக்கா ரத்து செய்துவிட்டது. மாஸ்கோ விமான நிலையத்தில் உள்ளேயுமில்லை வெளியேயுமில்லை என்று 39 நாட்கள். அங்கிருந்து 21 நாடுகளிடம் அடைக்கலம் கேட்டதாகச் செய்தி வந்தது. அந்தப் பட்டியலில் பிரான்ஸும் இருந்தது, இந்தியாவும் இருந்தது. வரிச்சிக்குடி மண்ணுக்கு நேற்றும் இன்றும் சொந்தம் கொண்டாடிய இரண்டு தேசங்கள். ஜூலை 2-ஆம் தேதி இந்தியா பதில் சொன்னது: கோரிக்கையைக் கவனமாகப் பரிசீலித்தோம், ஏற்கக் காரணம் எதுவும் காணவில்லை. 4-ஆம் தேதி பிரான்ஸும் மறுத்தது. இடையில், ஸ்நோடன் உள்ளே இருக்கலாம் என்ற வதந்தியில், பொலிவிய ஜனாதிபதி மொராலஸின் விமானத்துக்கு ஐரோப்பாவில் வழி மறுக்கப்பட்டு அது வியன்னாவில் இறங்கிற்று. மறுத்த நாடுகளில் பிரான்ஸும் உண்டு. பிறகு வருத்தம் தெரிவித்தது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி ரஷ்யா ஒரு வருஷத்துக்கு இடம் கொடுத்தது, 2022-இல் குடியுரிமையும். ரஷ்யாவுக்கு உண்மையின்மேல் உள்ள காதலால் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அகதிகள் பற்றிய 1951 ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1959-இல் தலாய் லாமாவுக்கு இடம் கொடுத்தது, ஸ்நோடனை மறுத்தது, இரண்டுமே சட்டத்தால் அல்ல. கொடுத்தால் அருள், மறுத்தால் மௌனம், அல்லது ஒரு வாக்கியம்.

அந்த ஒரு வாக்கியத்தைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது என் வாக்கியம்.

பல வருஷங்களுக்கு முன்பு, ஒரு ஐப்பசி மழையில், ஒரு இளைஞன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். இல்லாத ஆட்களின் பேரில் மஸ்டர் ரோலில் கூலி எழுதப்படுவதைப் பிரதி எடுத்து மேலே அனுப்பிவிட்டான். நம் மாதிரிப் பத்திரிகைகளைப் படிக்கிறவன். எழுத்தாளனின் தார்மீகம் பற்றி நான் எழுதிய கட்டுரை ஒன்றை நம்பித்தான் வந்திருந்தான். ‘ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிடறேண்ணே’ என்றான். வீட்டில் விருந்தாளிகள் வருகிறார்கள் என்றேன். யோசித்துத்தான் சொன்னேன். கவனமாகப் பரிசீலித்தேன்.

மறுநாள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். எங்கே என்று. ‘பூவம் பக்கம் போனாப்ல’ என்றேன். அதட்டவில்லை, அடிக்கவில்லை. கேட்டார்கள், சொல்லிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்துக் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். இடது கையில் கட்டு. ‘விழுந்துட்டேண்ணே’ என்றான். நம்பியது மாதிரித் தலையாட்டினேன். இப்போது ஏதாவது எழுதுகிறீர்களா என்று கேட்டான்.

ஜூன் 10-லிருந்து 23 வரை ஹாங்காங்கில் ஸ்நோடன் எங்கே இருந்தார் என்பது 2016-இல்தான் வெளியே வந்தது. உலகம் முழுக்க ஓட்டல்களையும் தூதரகங்களையும் சுட்டிக்கொண்டிருந்தபோது, அவர் அகதிகளின் வீடுகளில் மாறி மாறிப் படுத்திருந்தார். இலங்கையிலிருந்து வந்த ஒரு தம்பதி, இலங்கை ராணுவத்திலிருந்து ஓடிவந்த ஒருவர், பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஒரு பெண். நெருக்கடியான சின்னஞ்சிறு குடியிருப்புகள். அவர்களே அடைக்கலம் கேட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தவர்கள். ஒரு வார்த்தை வெளியே போயிருந்தால் அவர்கள் கதி என்ன என்பது அவர்களுக்குத் தெரியும். போகவில்லை. விஷயம் வெளியான பிறகு, 2017-இல், ஹாங்காங் அவர்கள் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. கனடா அந்தப் பெண்ணையும் மகளையும் 2019-லும், தம்பதியையும் குழந்தைகளையும் 2021-லும் ஏற்றுக்கொண்டது. அப்போதும் அந்த முன்னாள் சிப்பாய் ஹாங்காங்கிலேயே விடப்பட்டிருந்தார்.

21 தேசங்களிடம் இல்லாத ஒரு பாய் அவர்களிடம் இருந்தது. இதை இரக்கம் என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. வாசலில் நிற்பவனின் நிலை என்ன என்பது அவர்கள் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. அப்பாயியும் எதையும் படித்ததில்லை. நான் படித்திருந்தேன்.

அப்பாயி வீட்டில் திண்ணை இருந்தது. யார் வேண்டுமானாலும் உட்காரலாம், உட்கார்ந்த பிறகுதான் பேச்சு. வீட்டை எடுத்துக் கட்டும்போது திண்ணையை இடித்துக் கம்பிக் கதவு போட்டேன். அன்றைக்கு அவனிடம் அந்தக் கதவுக்கு உள்ளேயிருந்துதான் பேசினேன். அவன் தலையில் மழை பெய்துகொண்டிருந்தது.